நிறையறிந்த பெட்டி

பொலிகண்டியில் ஞானாம்பிகையைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, அவள் லேசில் அழமாட்டாள் என்பதுதான். கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். சொல்கிறவர்களின் வாய்க்கு என்ன, வரியா கட்டுகிறார்கள்? கண்ணால் காணாத ஒன்றுக்கு அவள் அழமாட்டாள், அவ்வளவுதான் விஷயம்.

ஐம்பத்தாறாம் ஆண்டு மாரியில் அவளுக்குப் பதினாறு வயது. தகப்பன் கந்தப்பு வத்தை என்கிற பாய்க்கப்பலில் தண்டையல், கப்பலை நடத்துகிறவர். நாகபட்டினத்துக்கும் ஊருக்குமாகக் கூரை ஓடும் சீலையும் ஏற்றி இறக்குகிறவர். அந்த முறை புயல் அடித்தது. வத்தை வரவேண்டிய நாள் கடந்தது, வாரங்களும் கடந்தன. பெண்கள் கூடி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். முற்றத்தில் பந்தலும் எழும்பிவிட்டது. இவள் மட்டும் குசினிக்குள் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கொப்பர் கடலோடை போட்டார், நீ இஞ்சை மீன் வெட்டுறியோ?" என்று மாமிக்காரி பாய்ந்தாள்.

"போனதை நீங்கள் பாத்தனீங்களே?"

மாமிக்காரி ஒப்பாரிக்கே திரும்பிப் போனாள். கந்தப்பு முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கி, நெல் லொறியொன்றில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "நல்ல பந்தல்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மீன்குழம்புக்குக் கால் மடக்கி உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஞானாம்பிகையின் பிடிவாதத்துக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. மரியாதை என்ன மரியாதை, பயம் என்றே சொல்லலாம்.

அறுபத்தெட்டில் அவளுக்குக் கலியாணம் ஆயிற்று. மாப்பிள்ளை தேவராசா அதே கரையைச் சேர்ந்தவன். ஆனால் பாய்க்கப்பலோடு மல்லுக்கட்டாமல், பெரிய சரக்குக் கப்பல்களில் மின்சார வேலை பார்த்தவன். ஆள் நல்ல வாட்டசாட்டம். அறை வாசலில் வந்து நின்றால் உள்ளே இருப்பவர்கள் வெளிச்சம் போதாமல் நிமிர்ந்து பார்ப்பார்கள். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் நிற்பான். அந்த இரண்டு மாதமும் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டேயிருப்பான். வாசற் படலையைத் திறந்தால் குசினிக்குள் மணி அடிக்கும். கிணற்றுத் தொட்டி நிரம்பினால் இன்னொரு மணி அடிக்கும். வீடு எந்நேரமும் கோயில் திருவிழாப்போல மணியடித்துக்கொண்டிருக்கிறது என்று ஞானாம்பிகை புறுபுறுப்பாள். மனதுக்குள் அவளுக்கு அது பிடித்திருந்தது. அவன் கப்பலுக்குப் போனபிறகு படலை மணி அடித்தால் ஒரு கணம் நெஞ்சு துள்ளும். பிறகு மீன்காரியாக இருக்கும்.

எழுபத்தொன்பது கடைசியில் அவன் ஜப்பானிலிருந்து ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்தான். அந்தச் சொல்லையே கேட்டிராத ஊர். எழுத்துக்கட்டைகள் பதித்த ஒரு தட்டை, அதோடு ஒரு சின்ன ரிவி. கட்டைகளைத் தட்டினால் திரையில் எழுத்து விழும். கணக்குச் சொன்னால் போடும். அதில் ஒரேயொரு குறைதான் இருந்தது. கறன்ட் ஒரு கண்வெட்டு நேரம் நின்றாலும் அதுவரை எழுதியதெல்லாம் அதற்கு மறந்துபோகும். பொலிகண்டியில் கறன்ட் நிற்காத நாள் எது? காகம் கம்பியில் இருந்தாலே நின்றுவிடும்.

தேவராசா தலையில் கைவைத்து இருக்கிற ஆள் இல்லை. "கப்பலிலை பெரிய மிசின் நிண்டவுடனை பற்றரி தானா ஏந்திக்கொள்ளும். அதை இஞ்சை செய்தால் என்ன?" என்றான். மூலை அறையில், ஒரு லொறிப் பற்றரியையும் கப்பலிலிருந்து கழித்துவிட்ட சுவிச்சுகளையும் சேர்த்து ஒரு பலகைப் பெட்டி செய்தான். கறன்ட் நின்றதும் பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். கொம்பியூட்டருக்கு எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். ஆனால் ரிவி பற்றரியைக் குடித்தே தீர்த்துவிடும் போலிருந்தது. ஆகவே அடுத்த யோசனை. ஆள் முன்னால் இல்லாத நேரம் திரையை அணைத்து, எழுதி வைத்ததை ஞாபகத்தில் வைத்திருக்கும் பகுதிக்கு மட்டும் ஒரு சொட்டுக் கறன்டை விட்டுக்கொண்டிருந்தால் போதும்.

"நித்திரை கொள்ளும். ஆனா நினைவு தப்பாது" என்று மனைவிக்கு விளங்கப்படுத்தினான்.

ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? மேசைக்கு முன்னால் நிலத்தில் ஒரு பலகை போட்டான். பலகைக்குக் கீழே சுருள்வில்கள், அவற்றுக்கிடையே செப்புத் தகடு. மேலே ஒரு பனையோலைப் பாய். பாயில் ஆள் ஏறினால் தகடுகள் முட்டும், பெட்டிக்குள் அதே டக், திரை விழிக்கும். இறங்கினால் உறங்கும். முதல்நாள் பூனை ஏறி விழிக்கப்பண்ணியது. இரண்டாம் நாள் கோழி. பிறகு மகள் அருந்ததி; அவளுக்கு அப்போது பத்து வயது, ஏறுவதும் இறங்குவதுமாக அன்று முழுக்க விளையாட்டு. தேவராசா வில்களை இறுக்கி இறுக்கி, கடைசியில் தன் நிறைக்கே அதைச் சரிக்கட்டினான். ஞானாம்பிகையைக் கைபிடித்துப் பாயில் ஏற்றி நிறுத்தினான். திரை இருண்டபடியே கிடந்தது.

"பாத்தீரே? நீர் நிண்டால் இது நித்திரையாலை எழும்பாது. ஆள் நிக்கிறதாவே அதுக்குத் தெரியாது."

"உங்கடை பெட்டிக்கு உங்களை மட்டும் தெரிஞ்சால் காணும்" என்று அவள் முகத்தை வெட்டினாள். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

எண்பதாம் ஆண்டு மாசியில் அவன் கப்பலுக்குப் புறப்பட்டான். கொம்பியூட்டருக்குள் தான் எழுதிய ஏதோ ஒரு நீண்ட கணக்கை விட்டுவிட்டுப் போனான். "நான் திரும்பி வரேக்கை இது அப்பிடியே கிடந்தால் பெட்டி வெற்றி. ஒரு கொம்பனிக்குக் காட்டலாம். கறன்ட் நிக்கிற ஊர் உலகத்திலை எத்தினை! பற்றரிக்கு வடிநீர் மட்டும் குறையாமல் விட்டுக்கொண்டிரும், ஞானம். அணைச்சுப் போடாதையும்" என்றான். அவள் ஓம் என்றாள். அவள் ஓம் என்றால் அது ஓம்தான்.

அந்தப் புரட்டாதியில் வளைகுடாவில் யுத்தம் தொடங்கியது. ஐப்பசியில் தந்தி வந்தது. அங்கே துறைமுகத்தில் நின்ற அவனுடைய கப்பலில் குண்டு விழுந்து எரிந்தது, ஆட்களைப் பற்றித் தகவல் இல்லை என்று இருந்தது. அவளுடைய தமையன் நாகலிங்கம் தந்தியை வாசித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து விம்மினார். நாகலிங்கம் நல்ல மனிதர். தொந்தியும் கண்ணீரும் எப்போதும் முன்னுக்கு நிற்கும்.

"அண்ணை, அழாதையுங்கோ. தகவல் இல்லை எண்டுதானே இருக்கு? செத்தது எண்டு இல்லையே" என்று சொல்லிவிட்டு ஞானாம்பிகை மூலை அறைக்குப் போய்ப் பற்றரிக்கு வடிநீர் விட்டாள்.

அவள் விரும்பியது ஒன்றே ஒன்றுதான். அவன் உயிரோடு வரவேண்டும். முழுசாக, அந்தச் சிரிப்போடு வரவேண்டும். அதற்காக எத்தனை வருஷமென்றாலும் பொட்டும் தாலியுமாகக் காத்திருக்க அவள் ஆயத்தம்.

அடுத்த பங்குனியில் ஒருநாள். உச்சி வெயில். அருந்ததி பள்ளிக்கூடத்தில். காற்று விழுந்து, பனைகள்கூட ஓலை அசைக்காமல் நின்றன. ஞானாம்பிகை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூலை அறைக்குள் டக்கென்று கேட்டது. கறன்ட் நின்றிருக்கும் என்று நிமிர்ந்தாள். குசினி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போய்ப் பார்த்தாள். திரை விழித்திருந்தது. அவன் எழுதி விட்டுப்போன வரிகளின் முடிவில் வெள்ளைச் சதுரம் ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. பாயில் யாரும் இல்லை. ஆனால் பாயின் நடுப்பக்கம் கொஞ்சம் பதிந்திருந்ததுபோல அவளுக்குப் பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டக்கென்றது. திரை இருண்டது. பாயின் ஓலை மெல்ல நொறுநொறுத்தது, ஆள் எழும்பிப் போன பாய் நொறுநொறுப்பதுபோல.

அவளுக்குப் பயம் பிடித்தது. இருந்தும் கத்தவில்லை. மறுநாள் அதே உச்சி நேரத்தில் அறை வாசலில் நின்றாள். திரை விழித்தது. அதற்கடுத்த நாளும் விழித்தது.

பருத்தித்துறை மிசன் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஏர்னெஸ்ட் மாஸ்ரர் தேவராசாவின் கூட்டாளி. அவரைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் வேதக்காரர், பேய் பிசாசு என்றால் சிரிப்பவர். பலகையைக் கழற்றினார். தகட்டில் துருவேறிய கறள் இல்லை. வில் சோரவில்லை. அவர் ஒடிசலான மனிதர். ஏறி நின்றார், பெட்டி அசையவில்லை. நாகலிங்கம் ஏறினார், உடனே விழித்தது. ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி வைத்தார்கள், போதவில்லை. மூட்டைக்கு மேல் அருந்ததியை இருத்தியபிறகுதான் விழித்தது.

"வெக்கையாய் இருக்கும்" என்றார் மாஸ்ரர் கடைசியில். "மேலை தகரக் கூரை. உச்சி வெயிலுக்குச் செம்பு நீண்டு முட்டுது."

ஞானாம்பிகைக்கு உயிர் வந்தது. வெக்கை! இதற்கா இவ்வளவு நடுங்கினாள்? கூரையில் ஈரச் சாக்குப் போட்டாள். யன்னலுக்கு ஓலைக் கிடுகு கட்டினாள். சித்திரையில் இடியும் மழையுமாக ஒருநாள் முழுக்க இருட்டிக் கிடந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் குந்தியிருந்தாள். உச்சி நேரம் வந்தது. மழைச் சத்தத்துக்குள்ளும் அந்த டக் தெளிவாகக் கேட்டது.

ஊருக்கு விஷயம் பரவ எவ்வளவு நேரம் பிடிக்கும்? "தேவராசா மத்தியானத்திலை வந்து நிக்கிறானாம்" என்று சந்தையில் பேச்சு. நாகலிங்கம் வந்து தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

"தங்கச்சி, அவன்ரை நிறைக்கெண்டு அவனே செய்த பெட்டி. அது பொய் சொல்லுமோ? வந்து நிக்கிறது அவன்தான். உடம்போடை இருக்கிறவன் அப்பிடி வருவானோ? நீ பிடிவாதம் பிடிச்சுக்கொண்டு கிரியை செய்யாமல் விட்டதாலை அலையிறான்."

இதுதான் அவளை வதைத்தது. பாயில் நிற்பது அவன் என்றால் அவன் செத்துவிட்டான். அவன் உயிரோடு இருக்கவேண்டுமென்றால் பாய் வெறுமையாக இருக்கவேண்டும். பாய் வெறுமையாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் முருகனை வேண்டிக்கொள்வாள். உச்சி நேரம் நெருங்க நெருங்க, வரமாட்டாரோ என்று மனம் அந்தரப்படும். வெட்கக்கேடுதான், என்ன செய்வது? மனம் யார் சொல்லுக் கேட்கிறது? நாள் செல்லச் செல்ல வாசற்படியில் இருந்து கதைக்கவும் தொடங்கிவிட்டாள். அருந்ததி கணக்கில் குறையப் புள்ளி எடுத்தது, ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு அயல் வளவுக்குள் பூந்தது, எல்லாம் சொல்வாள். சதுரம் மின்னும். பயம் போய், அந்த நேரம் அவளுடைய நாளிலேயே நல்ல நேரமாகிவிட்டது.

அந்த வைகாசி முடிவில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் தீ வைத்தார்கள். நூலகம் எரிந்த செய்தி வந்தபோது ஏர்னெஸ்ட் மாஸ்ரர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் பிள்ளைபோல அழுதார். ஊரடங்குச் சட்டம். கறன்ட் போனது நாட்கணக்காக வரவில்லை. பற்றரி மட்டும்தான் பெட்டியைத் தாங்கியது. அதுவும் இறங்கிக்கொண்டே வந்தது. உச்சி நேரத்தில் திரை விழித்தபோது சதுரம் மங்கி, நடுங்கி, ஓரம் சிதைந்து தெரிந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் மங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் அவள் உடைந்தாள். நான் விடாமல் பிடித்து வைத்திருக்கிறேன், அதனால்தான் இந்த மனிதர் இப்படி வந்து வந்து நிற்கிறார் என்று தோன்றியது. அப்படியானால் தான் செய்வது அன்பா, சிறைவைப்பா?

"அண்ணை, செய்யிறதைச் செய்யுங்கோ" என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. அவள் அழுது ஊர் பார்த்தது அதுதான் முதல்முறை.

உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்கிறமாதிரி, தர்ப்பையால் ஓர் உருச் செய்து, அதை அவன் என்று சொல்லிக் கொள்ளி வைத்தார்கள். தாலி கழன்றது. ஆடி பிறந்ததும் கீரிமலைக்குப் போனார்கள். கேணிக்கு அப்பால் கடலில் அந்தச் சாம்பலைக் கரைத்தார்கள். "போட்டு வாங்கோ" என்று வாய் பழகிய சொல் வந்தது ஞானாம்பிகைக்கு. குருக்கள் திரும்பிப் பார்த்தார். போகிற உயிரை வா என்று சொல்லக் கூடாது. "போங்கோ" என்று திருத்திச் சொன்னாள்.

மறுநாள் உச்சி நேரத்தில் அறை வாசலில் வெள்ளைச் சீலையோடு இருந்தாள். டக் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆவி ஆறிவிட்டது என்று நாகலிங்கம் பெருமூச்சு விட்டார். பெட்டியை அணைத்துவிடச் சொன்னார். அணைத்துப் போடாதையும் என்று அவர் சொன்னவர், என்றாள் ஞானாம்பிகை. வடிநீர் விடுவதை அவள் நிறுத்தவில்லை.

எண்பத்திரண்டு மாசியில் ஒரு பகல், படலை மணி அடித்தது. மீன்காரி என்று நினைத்து அவள் சட்டியோடு வந்தாள். படலைக்குள் எலும்பும் தோலுமாக ஓர் ஆள் நின்றான். சேட்டு அவனுக்குமேல் தொங்கியது. கண்கள் குழிக்குள். அவன் அவளை மேலிருந்து கீழே பார்த்தான். வெள்ளைச் சீலையைப் பார்த்தான். வெறும் நெற்றியைப் பார்த்தான்.

"ஆர் செத்தது?" என்று கேட்டான்.

"நீங்கள்தான்" என்றாள் ஞானாம்பிகை. சட்டி கையிலிருந்து விழுந்து உடைந்தது.

கப்பல் எரிந்த அன்று அவனைப் பட்டாளத்துக்காரர் பிடித்து, எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாமல் ஒரு முகாமில் அடைத்துவிட்டார்கள். கடுதாசி எழுத விடவில்லை. ஒன்றரை வருஷத்துக்குக் கிட்டக் கிடந்து, செஞ்சிலுவைக்காரர் பெயர் எழுதி எடுத்ததால் வெளியே வந்தான். நாகலிங்கம் ஓடிவந்து கட்டிப்பிடித்துக் குழறினார். ஊரே திரண்டது. ஞானாம்பிகையின் பிடிவாதம் இரண்டாம் தடவையும் வென்றது என்று சொன்னார்கள். கடைசி நேரத்தில் அவள் விட்டுக்கொடுத்ததை யாரும் சொல்லவில்லை. அதை அவள் மறக்கவில்லை.

கிரியை செய்யப்பட்டவன் திரும்பி வந்தால் பழைய ஆளாக வீட்டுக்குள் வர முடியாது என்றார் குருக்கள். புதிதாகப் பிறந்தவன்போல நீராட்டி, காதில் பெயர் சொல்லி, மனைவிக்கு மறுபடி தாலி கட்டவேண்டும். எல்லாம் நடந்தது. அதே பெயரைத்தான் வைத்தார்கள். மகள் தகப்பனுடைய இரண்டாம் கலியாணத்தைப் பார்த்துச் சிரித்தாள். தேவராசாவும் சிரித்தான், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து.

வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் போனது மூலை அறைக்கு. பாயில் ஏறி நின்றான். திரை இருண்டே கிடந்தது. மிதித்துப் பார்த்தான். இல்லை.

"நிறை காணாது" என்றான். "நீரும் ஏறும்."

அவள் பக்கத்தில் ஏறினாள். அந்தச் சின்னப் பாயில் இரண்டு பேரும் ஒட்டித்தான் நிற்கவேண்டியிருந்தது. டக்கென்றது. திரை நிறைய எழுத்து வந்தது. அவன் விட்டுப்போனபடியே ஒரு எழுத்தும் குறையாமல் இருந்தது. இரண்டு வருஷம், இத்தனை கறன்ட் நிற்பு, ஊரடங்கு, எல்லாவற்றையும் பெட்டி தாண்டிவிட்டது. அவன் வரிவரியாக வாசித்தான். வாசித்து முடித்துத் தலையாட்டினான்.

"ஆரோ கெட்டிக்காரன் எழுதியிருக்கிறான்."

"நீங்கள்தானே எழுதினனீங்கள்!"

"ஓமோ?" என்றான்.

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கவனிக்கத் தொடங்கினாள். கம்பி, சுவிச்சு, கப்பல், துறைமுகம் எல்லாம் அவனுக்கு நல்ல ஞாபகம். தன்னுடைய பெயரும் மகளுடைய பெயரும் தெரியும். ஆனால் அவளை ஞானம் என்று கூப்பிடுவது நின்றுபோயிருந்தது. பாயில் அவளை ஏற்றிவைத்துச் சிரித்த நாளைச் சொன்னாள்; மற்றவர் வீட்டுக் கதை கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்தால் "நல்ல சாப்பாடு" என்று சொல்லிவிட்டு எழும்புவான். பதினாலு வருஷத்தில் அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. உப்புக் கூட, புளி குறைய என்று ஏதாவது நொட்டை சொல்லிக்கொண்டுதான் தின்பான்.

ஒருநாள் உச்சி நேரக் கதையை அவனிடம் சொன்னாள். பாய் விழித்ததை, மாஸ்ரர் வந்ததை, மழை நாளை. அவன் கறள் என்று சிரித்தான். பலகையைக் கழற்றிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அங்கை மத்தியானத்திலை ஒருக்கால் வெளியிலை விடுவாங்கள்" என்றான் மெதுவாக. "வெயிலுக்கை நிக்கவேணும். கண்ணை மூடினால் ஒரு அறை தெரியும். தகரக் கூரை. மேசை. ஆரோ ஒரு பொம்பிளை வாசல்படியிலை இருந்து கதைச்சுக்கொண்டிருப்பா. அதைக் கேட்டுக்கொண்டு நிப்பன். அதாலைதான் உயிர் கிடந்தது."

"பிறகு?"

"ஆடியிலை காய்ச்சல் வந்தது. செத்துப்போனன் எண்டு மூலையிலை இழுத்துப் போட்டிட்டாங்களாம். பிழைச்சு எழும்பினன். அதுக்குப் பிறகு எவ்வளவு கண்ணை மூடியும் அந்த அறை வரேல்லை. அந்தப் பொம்பிளையின்ரை முகமும் போட்டுது."

ஞானாம்பிகை எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உயிரோடு இருந்தவருக்குக் கொள்ளி வைத்தோம். என்னை நினைத்துக்கொண்டு தினமும் வந்து நின்ற அந்தப் பாதியைக் கீரிமலைக் கடலில் விட்டுப் போங்கோ என்று சொல்லிவிட்டேன். அது போய்விட்டது. மிச்சம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது. அடுப்படியில் இருந்து வாயில் சீலைத் தலைப்பை வைத்து அழுதாள். இப்போது அழுவதற்கு அவள் யாரையும் சாட்சி கேட்கவில்லை.

இருந்தாலும் அவள் கந்தப்புவின் மகள். சும்மா விட்டுவிடுவாளா? உடம்பு தேறினால் நினைவும் தேறும் என்று மனதைக் கட்டினாள். பெட்டி ஒருநாள் அவனைத் தனியாக அடையாளம் காணட்டும், அன்றைக்கு எல்லாம் திரும்பி வரும் என்று தனக்குள் ஒரு கணக்கு. பிட்டும் நல்லெண்ணெயும், முட்டைக்கோப்பியும், ஒடியற்கூழும், பாரைமீன் தலையுமாகப் போட்டாள். வில்லைக் கொஞ்சம் தளர்த்தினால் போதுமே என்று அவன் ஒருமுறை திருப்புளியை எடுத்தபோது பறித்து வைத்துவிட்டாள். "பெட்டியை மாத்தக் கூடாது. நீங்கள்தான் மாறவேணும்" என்றாள். அவன் சரி என்றான். இப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொல்கிறான். காலையில் பாயில் ஏறுவான். திரை இருண்டிருக்கும். இறங்கிவிடுவான். கன்னம் நிரம்பியது, சேட்டு பொருந்தியது. வைகாசியில் வாசலில் நின்றால் கொஞ்சம் வெளிச்சம் மறையத் தொடங்கியது. பெட்டி விழிக்க இன்னும் ஒரு பிடி நிறை போதவில்லை.

ஆடி பிறந்த கிழமை. உச்சி நேரம். காற்று விழுந்திருந்தது. ஞானாம்பிகை மீனுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். மூலை அறைக்குள் டக்கென்று கேட்டது.

குசினி விளக்கைப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது.

மஞ்சள் கையோடு எழும்பினாள். "இஞ்சேருங்கோ! பெட்டி உங்களைக் கண்டுபிடிச்சிட்டுது!" என்று உரத்துக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள்.

வாசலுக்கு வந்து நின்றாள். திரை விழித்திருந்தது. சதுரம் பளிச்சென்று மின்னியது. அறைக்குள் யாரும் இல்லை. பாயின் நடுப்பக்கம் பதிந்திருந்தது.

பின்னால், கிணற்றடியில், வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. தேவராசா குளித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பயம் வரவில்லை. இரக்கம்தான் வந்தது. போகச் சொல்லியும் திரும்பி வந்திருக்கிறார். எவ்வளவு தூரம், எந்தக் கடலால் வந்தாரோ. வந்து, தன் இடத்தில் இன்னொருவர் தாலி கட்டியிருப்பதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னையே கூப்பிட்டனீர்?" என்று கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.

ஞானாம்பிகை பாயைப் பார்த்தபடி நின்றாள்.

"இல்லை" என்றாள். "உங்களை இல்லை."

சொல்லிவிட்டு உள்ளே போய், கதவைச் சாத்தினாள்.